எலும்பு எளிதில் முறியும் கைக்குழந்தையை வளர்க்கும் முறை

ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்று மருத்துவர் எழுதிய சீட்டோடு வீடு திரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. கால்சியம் டானிக் வாங்குகின்றன, அல்லது குழந்தையைத் தொடவே பயந்து கட்டிலில் போட்டுவிடுகின்றன. இரண்டாலும் பயனில்லை, இரண்டாவது கெடுதலும்கூட.

இந்தக் குழந்தைக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு கிடையாது. அந்தச் சத்து படிய வேண்டிய புரதச் சட்டகம்தான், அதாவது முதல் வகை கொலாஜன், குறைவாகவோ கோணலாகவோ உருவாகிறது. கம்பி சரியில்லாத கான்கிரீட்டில் சிமெண்டைக் கூட்டிக்கொண்டே போய் என்ன பயன்? ரத்தத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் இயல்பாகவே இருக்கும். ரிக்கெட்ஸிலிருந்து, அதாவது பெரும்பாலும் வைட்டமின் டி குறைவால் எலும்பு மெத்தென்றாகி வளையும் நோயிலிருந்து, இதைப் பிரித்துக் காட்டுவதும் ரத்தப் பரிசோதனைதான்: ரிக்கெட்ஸில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி நன்றாக ஏறியிருக்கும், இதில் இயல்பாகவோ சற்றே கூடுதலாகவோ இருக்கும். தாய்ப்பாலும், தினம் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டும் போதும். ரத்தத்தில் அளவு குறைந்திருந்தால் மருத்துவர் கூட்டித் தருவார்.

ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இந்த நோய் வருகிறது. 1979இல் சில்லென்ஸ் என்ற மருத்துவர் வகுத்த நான்கு வகைகளே இன்றும் பேச்சில் இருக்கின்றன. முதல் வகை லேசானது. இரண்டாவது, பிறந்த சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. மூன்றாவதில் கைகால் வளைந்துகொண்டே போகும். நான்காவது இடைப்பட்டது. வெள்ளைவிழி நீலம் பூத்திருப்பது பெயர்பெற்ற அடையாளம் என்றாலும், நல்ல குழந்தைகளுக்கும் முதல் சில மாதங்களில் விழி சற்று நீலமாகத் தெரியும். அதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. மண்டை எலும்பு மெத்தென்று இருப்பது, உச்சிக்குழி அகன்றிருப்பது, எக்ஸ்ரேயில் விலா எலும்பில் ஆறிய முறிவுகள், மண்டையோட்டில் மொசைக் போலத் துண்டு எலும்புகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். உறுதிப்படுத்துவது மரபணுப் பரிசோதனை.

தூக்குவதும் துணி மாற்றுவதும்

எலும்பு முறிவது பெரும்பாலும் அடியால் அல்ல, இழுப்பதாலும் முறுக்குவதாலும். நீண்ட எலும்பின் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையின் எடையைத் தாங்கவைக்கும்போது நடுவில் விட்டுவிடும். ஆகவே விரல்நுனியால் பிடிக்காமல் விரித்த உள்ளங்கையால் தாங்க வேண்டும். கீழ்வரும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

தூக்க, ஒரு கையை விரித்துத் தலைக்கும் தோளுக்கும் அடியில் கொடுங்கள். மறுகையைப் புட்டத்துக்கு அடியில் கொடுத்து, கால்கள் உங்கள் முன்கைமேல் படிந்திருக்கும்படி பாருங்கள். பிறகு இரண்டு கையையும் ஒரே நேரத்தில் உயர்த்துங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் விலாவும் தோளும் முறியலாம்.

நாப்கின் மாற்றும்போது கணுக்காலைச் சேர்த்துப் பிடித்துத் தூக்குவது எல்லோருக்கும் பழகிய வழக்கம். தொடை எலும்பு முறிவதும் அப்போதுதான். புட்டத்துக்கு அடியில் கைவிட்டு அரை அங்குலம் உயர்த்தினால் துணியை உருவிவிடலாம். அடுத்த நாப்கினை முன்கூட்டியே அடியில் விரித்து வைத்திருந்தால் இன்னும் எளிது.

சட்டை முன்பக்கம் திறப்பதாக, கை அகலமாக இருக்கட்டும். குழந்தையின் கையைச் சட்டைக்குள் தள்ளாதீர்கள். உங்கள் விரல்களைச் சட்டைக்கையின் வாய் வழியாக உள்ளே விட்டு, குழந்தையின் உள்ளங்கையை முழுதாக மூடிக்கொண்டு, துணியை அதன்மேல் நகர்த்துங்கள். முறிந்த பக்கத்துக்கு முதலில் போட வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில். காப்பும் தண்டையும் வேண்டாம். துணியில் மாட்டி இழுக்கும். முறிவு வந்து வீங்கினால் கழற்றவும் முடியாது.

பால் கொடுத்தபின் முதுகில் தட்டாமல் மெல்லத் தடவிவிட்டாலே ஏப்பம் வரும்.

எண்ணெய்க் குளியல், உரம், தூளி

வீட்டுப் பெரியவர்களோடு இதைப் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கும். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டு, கைகால்களைக் குறுக்கே மடக்கி நீவும் முறை இந்தக் குழந்தைக்கு ஆகாது. எண்ணெய் தடவலாம், தடவுவதோடு நிற்க வேண்டும். மூக்கு நீவுவதும், தலைகீழாகப் பிடித்து உதறுவதும் கூடவே கூடாது. அடியில் துண்டு விரித்த தொட்டியில் வெதுவெதுப்பான நீர் விட்டு, தலையைத் தாங்கியபடி கிடத்தினால் குழந்தை தானே கைகாலை அசைக்கும். அதுவே நல்ல உடற்பயிற்சி.

விடாமல் அழும் குழந்தைக்கு ‘உரம் விழுந்திருக்கிறது’ என்று புடவையில் போட்டு உருட்டுவார்கள். இங்கே அந்த அழுகைக்குக் காரணம் பல நேரம் புதிய முறிவாகவே இருக்கும். உருட்டினால் ஒன்று இரண்டாகும்.

தூளியில் முதுகு வளைந்து, கைகால் நெருங்கி மடங்கிக் கிடக்கும். உறுதியான, சமமான மெத்தையே நல்லது. ஒரே பக்கம் கிடந்தால் மெத்தென்ற மண்டை தட்டையாகிவிடும்; எனவே விழித்திருக்கும்போது சுருட்டிய துண்டை முட்டுக்கொடுத்து இடமும் வலமும் மாற்றிக் கிடத்துங்கள். தூங்க வைக்கும்போது மல்லாந்த நிலை, அருகில் துண்டோ தலையணையோ வேண்டாம். விழித்த நேரத்தில் பெற்றோர் சாய்ந்திருந்து நெஞ்சின்மேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டால் கழுத்துக்கு வலு வரும். அசையாத எலும்பு மேலும் மெலியும் என்பதால் இதில் பயம் காட்ட வேண்டாம்.

முறிந்துவிட்டால்

தொட்டால் வீறிடுவது, ஒரு கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருப்பது, அங்கே வீக்கமும் சூடும் ஆகியவையே அறிகுறிகள். நேராக்கப் பார்க்காதீர்கள். இருக்கிற நிலையிலேயே, பஞ்சு வைத்த அட்டையை அடியில் கொடுத்து, பட்டைத் துணியால் தளர்வாகக் கட்டி மருத்துவமனைக்குப் போங்கள். விரல்கள் வெளுக்கிறதா, நீலம் பாய்கிறதா என்று வழியில் பாருங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், குறைந்தது 6 மணி நேர இடைவெளி, நாளைக்கு 4 தடவைக்கு மேல் இல்லை. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தர வேண்டும். சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராமும், சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராமும் இருப்பது வழக்கம். 5 கிலோ குழந்தைக்குச் சொட்டு என்றால் 0.75 மில்லி, அந்தச் சிரப் என்றால் 3 மில்லி. புட்டி மாறினால் நான்கு மடங்கு போய்விடும். லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

கைக்குழந்தையின் முறிவு வேகமாகக் கூடும். லேசான கட்டு, இரண்டு மூன்று வாரம் போதும் என்பதே பெரும்பாலும் நிலை. கனமான மாவுக்கட்டை நெடுநாள் வைத்தால் அந்த எலும்பு மெலிந்து, கட்டைப் பிரித்தவுடனே மறுபடி முறிகிறது. கட்டு எத்தனை நாள் என்பதை எலும்பு மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பாமிட்ரோனேட்

1998இல் கனடாவின் மொன்றியலில் கிளோரியூ என்ற மருத்துவரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பரவிய சிகிச்சை இது. எலும்பை அரிக்கும் செல்களின் வேகத்தை மருந்து குறைக்கிறது. கொலாஜனை அது திருத்துவதில்லை. 2 வயதுக்குள் வழக்கமான அளவு, நாளைக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், தொடர்ந்து 3 நாள், 2 மாதத்துக்கு ஒரு முறை. முதல் சுற்றின் முதல் நாள் மட்டும் பாதி. சலைனில் கலந்து சுமார் 4 மணி நேரம் ஏற்றுவார்கள். முதல் சுற்றில் மறுநாள் காய்ச்சல் வருவது சகஜம், அடுத்த சுற்றுகளில் அநேகமாக வராது. ஆனால் மார்புக்கூடு சிறுத்த குழந்தைக்கு அந்தச் சமயம் மூச்சுத்திணறல் வரக்கூடும் என்பதால், முதல் சுற்றை உள்நோயாளியாக வைத்தே ஏற்றச் சொல்லுங்கள். ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வரலாம். அதனால் ஏற்றுவதற்கு முன் கால்சியமும் வைட்டமின் டியும் பார்த்திருக்க வேண்டும். பின்னாளில் எக்ஸ்ரேயில் எலும்பு முனையில் வரிவரியாகக் கோடுகள் தெரியும், சுற்றுக்கு ஒன்றாக. அது மருந்தின் தடம், நோய் அல்ல.

செலவுக்கு: மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில் இந்த நோய் இரண்டாம் பிரிவில், அதாவது நீண்டகாலச் சிகிச்சை தேவைப்பட்டாலும் செலவு ஒப்பீட்டளவில் குறைவான நோய்களின் பிரிவில், இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கான உயர்சிறப்பு மையம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை.

தடுப்பூசி எதையும் தள்ளிப்போட வேண்டாம். நிமோனியாதான் இந்தக் குழந்தைகளுக்குப் பெரிய எதிரி. ஊசி போடும்போது முழங்காலை அழுத்திப் பிடிக்காமல், தொடைக்கு அடியில் கைவைத்துத் தாங்கச் சொல்லுங்கள். நோயின் பெயரும் பழைய முறிவுகளும் எழுதிய மருத்துவர் கடிதம் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். புதிய மருத்துவமனையில் ‘கீழே போட்டீர்களா’ என்ற கேள்விக்கு அதுவே பதில். அந்தக் கேள்வி வீட்டில் தாயைப் பார்த்து எழும்போதும் அதையே காட்டுங்கள்.

அடுத்த குழந்தை பற்றி: பெற்றோர் ஒருவருக்கே நோய் இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் 50 சதவீத வாய்ப்பு. இருவரும் நலமாக இருந்து, மரபணு மாற்றம் புதிதாக நேர்ந்ததென்றால் வாய்ப்பு குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. ஒடுங்கிய மரபு வகையில், அதாவது நோயில்லாத பெற்றோர் இருவருமே பழுதான மரபணுவைச் சுமக்கும் வகையில், 25 சதவீதம். மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களில் இவ்வகை கூடுதலாகத் தென்படும். எந்த வகை என்பதை மரபணு அறிக்கைதான் சொல்லும். அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால், அடுத்த கர்ப்பத்தில் 11ஆம் வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்க முடியும். அறிக்கை இல்லையென்றால் 18 வாரத்துக்கு மேல் எடுக்கும் ஸ்கேனைத்தான் நம்ப வேண்டும், லேசான வகை அதில் தெரியாமலே போகலாம்.