விரால் பிடிக்கத் தவளை லூர்: நிறத்தை முதுகில் தேடாதீர்கள்

கடையில் தவளை லூர், அதாவது தவளை வடிவில் செய்த செயற்கைத் தூண்டில் இரை, வாங்கும்போது நாம் எல்லோரும் முதலில் அதன் முதுகைத்தான் பார்க்கிறோம். பச்சை நிறத்தின் மேல் கரும்புள்ளி, மஞ்சள் வரி, உருண்ட சிவந்த கண் என்று அது உயிருள்ள தவளையைப் போலவே நம் கையில் இருக்கும். ஆனால் விரால் கீழிருந்து மேல்நோக்கிப் பார்த்துப் பாயும் மீன் ஆகையால், நாம் காசு கொடுத்து வாங்கிய அந்த முதுகு அதன் கண்ணில் படுவதேயில்லை என்று சொல்லிவிடலாம். நிறம் தெரிவு செய்வதில் முதல் வேலை, லூரைப் புரட்டி அடிவயிற்றைப் பார்ப்பதுதான்.

உள்ளே வெறுமையாக இருக்கும் இந்த மென்மையான தவளைகளும், அவற்றின் நிறங்களைப் பற்றிப் பேசப்படும் விதிகளில் பெரும்பாலானவையும் வட அமெரிக்காவில் பெருவாய் பாஸ் மீனைப் பிடிப்பவர்களிடமிருந்து வந்தவை. பாஸ் நம் குளத்து மீன் அல்ல. அந்த மீனின் கண்ணைப் பற்றி இல்லினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிகிறது. ஆனால் எலுமிச்சை மஞ்சளை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொள்கிறது. விராலின் கண் வேறு என்பதால் அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தக்கூடாது. ஆயினும் ஒளி நீருக்குள் நடந்துகொள்ளும் முறை அங்கும் நம் வன்னியின் இரணைமடுக் குளத்திலும் ஒன்றுதான் என்பதால், நான் நிறத்தை மீனின் இனத்தைக் கொண்டு முடிவு செய்யாமல் ஒளியைக் கொண்டு முடிவு செய்கிறேன்.

நீர் அசையாமல் கிடக்கும் வேளையில், மீனுக்கு நீருக்கு மேலுள்ள உலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை விரிந்த ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு மீற்றர் ஆழத்தில் நிற்கும் விராலுக்கு அந்த வட்டம் நீர்மட்டத்தில் ஏறக்குறைய 2.3 மீற்றர் அகலமாக இருக்கும். அரை மீற்றர் ஆழத்தில் நின்றால் 1.1 மீற்றர்தான். வட்டத்துக்கு அப்பால் நீர்மட்டம் ஒரு கண்ணாடியாகி, குளத்தின் அடியையும் பாசியையுமே திருப்பிக் காட்டும். ஆகவே தூரத்தில் விழுந்து மீனை நோக்கி வரும் நம் தவளை, முதலில் அந்தக் கண்ணாடியில் தொங்கும் ஒரு நனைந்த வயிறாகவும், பின்னங்கால்களுக்குப் பதிலாக உள்ள இரண்டு இழைக் குஞ்சங்களாகவும் மட்டுமே தெரிகிறது. வட்டத்துக்குள் நுழைந்த பிறகுதான் அது வானத்தின் முன் ஓர் இருண்ட உருவமாகிறது.

இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பழைய மீன் தொட்டி ஒன்றில் முக்கால் அளவுக்கு நீர் நிரப்பி, முற்றத்தில் ஒரு மேசையில் வைத்து, வெள்ளைத் தவளையையும் கறுப்புத் தவளையையும் மிதக்கவிடுங்கள். தொட்டியின் பக்கத்தில் குந்தி இருந்து, கண்ணாடி வழியாகச் சாய்வாக மேல்நோக்கிப் பாருங்கள். நீர்மட்டம் வெள்ளித் தகடு போல மின்னும். அதிலிருந்து வெள்ளை வயிறு தெளிவாகத் தொங்கும், கறுப்பு வயிறு அடியின் நிழலோடு கலந்துவிடும். பிறகு வாயகன்ற ஒரு கண்ணாடிப் போத்தலில் அதே தவளைகளை மாறி மாறி மிதக்கவிட்டு, மம்மல் பொழுதில் தலைக்கு மேலே பிடித்து, அடிப்புறம் வழியாக வானத்தைப் பாருங்கள். இப்போது வெள்ளையும் கருநிழலாகவே தெரியும், ஆனால் அதன் விளிம்பு மங்கலாக இருக்கும். கறுப்பின் விளிம்போ கத்தரித்து ஒட்டியதுபோல இருக்கும். நான் இந்த இரண்டையும் பார்த்த பின்னர்தான் பதினொரு நிறங்கள் இருந்த என் பெட்டியை மூன்று நிறங்களாகக் குறைத்தேன்.

அந்த மூன்றில் முதலாவது கறுப்பு. விடியப்புறம், மம்மல் நேரம், மழைக்கார் மூடிய பகல், தாமரை இலைகள் நெருங்கி நிழல் விழுத்தும் இடம் ஆகிய எல்லாவற்றுக்கும் அதுதான். வெளிச்சம் குறைந்த வேளையில் மீனின் கண்ணுக்குக் கிடைக்கும் ஒரே அடையாளம் வானத்தின் முன் தெரியும் உருவமாகையால், அந்த உருவம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ அவ்வளவு குறி தவறாமல் விரால் பாயும். அரைகுறையாகக் கவ்வித் தவறவிடும் மீன்கள் கறுப்பில் குறைவு என்பது என் அனுபவம்.

இரண்டாவது, வெள்ளை வயிறு. மாரி மழை ஓய்ந்து கலங்கல் படிந்து, மாசி, பங்குனி மாதங்களில் நீர் தெளியும்போது, வெயில் நன்றாக ஏறிய பின்னர் இதை எடுங்கள். வெள்ளையைத் தவளை என்று மட்டும் எண்ண வேண்டியதில்லை: 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் குளங்களில் நிறைந்திருக்கும் திலாப்பியாவின் குஞ்சும் விராலுக்கு இரைதான், அதன் வயிறும் வெளிறியதே. தாமரைக் குளங்களில் மிதந்துகொண்டிருக்கும் நம் ஊர்ப் பச்சைத் தவளையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாலும், முதுகு எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வயிறு வெளிறித்தான் இருக்கும். நீர் அரை மீற்றருக்குக் குறைந்த ஓரங்களில் வட்டம் சுருங்கிவிடுவதால், தவளை வரும் பாதையின் பெரும்பகுதி கண்ணாடிப் பக்கத்திலேயே கழியும். வயிற்றின் நிறம் மிகவும் பயன்படுவது அங்கேதான்.

மூன்றாவது, மஞ்சள் அல்லது செம்மஞ்சள் வயிறு. கார்த்திகை மழையில் செம்மண் கரைந்து வந்து நீர் தேநீர் நிறமானால், நீலமும் பச்சையும் விரைவில் உறிஞ்சப்பட்டு, மஞ்சளும் சிவப்பும் சார்ந்த ஒளிதான் எஞ்சும். அந்த ஒளியைத் திருப்பி அனுப்பக்கூடிய வயிறு வேண்டும். கையை முழங்கை வரை அமிழ்த்தினால் விரல்கள் தெரியாத அளவுக்குக் கலங்கல் இருந்தால் இதையும் விட்டுவிட்டுக் கறுப்புக்கே திரும்புங்கள். காற்று வீசி நீர்மட்டம் நொறுங்கும் நாட்களிலும் நுட்பமான நிற வேறுபாடுகளுக்கு வேலையில்லை.

ஆகாயத்தாமரையும் சல்வீனியா என்ற மிதக்கும் களையும் பாய் விரித்ததுபோல மூடிய இடத்தில் நிறத்தைப் பற்றி யோசிப்பதே வீண். மீன் அங்கே தவளையைப் பார்ப்பதில்லை; பாசி அமுங்குவதையும் நடுங்குவதையும் உணர்ந்துதான் அடிக்கிறது. அத்தகைய இடத்தில் நிறம் உங்களுக்காக இருக்கட்டும். இருபது மீற்றர் தூரத்தில் பச்சைப் பாசியில் பச்சைத் தவளை எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் தூண்டிலை இழுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். என் கறுப்புத் தவளையின் முதுகில் நகப்பூச்சால் ஒரு பெரிய மஞ்சள் பொட்டு வைத்திருக்கிறேன். விராலுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும்.

மீன் வரவில்லை என்றவுடன் நிறத்தை மாற்றுவது பலருடைய வழக்கம், அதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மீனும் எழும்பாவிட்டால் பிழை பெரும்பாலும் இடத்திலோ இழுக்கும் வேகத்திலோதான் இருக்கும். விரால் காற்றை விழுங்க மேலே வந்தே ஆகவேண்டிய மீன் ஆதலால், அது எழுப்பும் வளையத்தைக் கவனித்து, அதற்கு இரண்டு மீற்றர் அப்பால் தவளையை விழுத்தி, மெதுவாக அந்த வழியே கொண்டுவாருங்கள். மீன் பின்தொடர்ந்து வந்து, தவளைக்கு அருகில் நீரைக் குமிழவிட்டுத் திரும்பிப் போனால் மட்டும் நிறத்தைச் சந்தேகியுங்கள்: வெளிறியதிலிருந்து இருண்டதற்கு, அல்லது இருண்டதிலிருந்து வெளிறியதற்கு ஒரே பாய்ச்சலாக மாறுங்கள். இளம்பச்சையிலிருந்து கடும்பச்சைக்குப் போவது மாற்றமே அல்ல. ஆனால் நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொதிப்பதைக் கண்டால் எந்த நிறத்தையும் போடாதீர்கள். கீழே காவல் நிற்கும் தாயும் தந்தையும் எதையும் அடிக்கும். அவற்றை எடுத்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே நீர் காணும். கோயில் குளங்களில் தூண்டில் போடுவது முறையல்ல. ஆகவே நம்மில் பலர் ஆனையிறவைத் தாண்டி வன்னிக் குளங்களுக்குப் போகிறோம். அங்கே முதலில் அக்குளத்து மீனவர் சங்கத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்புத் தவளைக்குப் பொருத்தமான மம்மல் நேரமே முதலைக்கும் பொருத்தமான நேரம் என்பதால், சிக்கிய லூரை எடுக்க நீருக்குள் இறங்காதீர்கள். தங்கூசி என்னும் நைலோன் நூலுக்குப் பதிலாகத் தடித்த பின்னல் நூல் கட்டியிருந்தால் கரையிலிருந்தே பாசியோடு சேர்த்து இழுத்துவிடலாம்.

வேண்டிய நிறம் கடையில் கிடைக்காவிட்டால் வெள்ளைத் தவளையையே வாங்குங்கள். வெள்ளையைக் கறுப்பாக்க அழியாத மை மாக்கர் பேனை ஒன்று போதும், கறுப்பை வெள்ளையாக்க அந்தப் பேனையால் முடியாது. பூசுவதற்கு முன் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, மை பூசிய பின் ஓர் இரவு விட்டுவிடுங்கள். குஞ்சத்தை முழுவதும் மாற்ற வேண்டியதில்லை: வெள்ளை வயிற்றின் பின்னால் பாதி இழைகளைக் கறுப்பாக்கினால், ஒவ்வொரு அசைவிலும் இரண்டு நிறமும் பிரிந்து சேர்ந்து தெரியும். நிறம் மாறிய தவளைகளையும் மென்பிளாஸ்ரிக் புழுக்களையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள், ஒன்றின் சாயம் மற்றதில் இறங்கும். சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் சிவப்புப் புழுக்களோடு விட்ட என் வெள்ளைத் தவளை, மாலையில் திறந்தபோது வயிற்றில் ரோசா நிறக் கீறல்களோடு கிடந்தது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. கலங்கல் நீருக்கென்று அதையும் ஒரு பக்கத்தில் வைத்திருக்கிறேன்.