பெண்கள் நலத் திட்டத்துக்குப் பன்னாட்டு நிதி: ஒப்பந்தத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

நிதி ஒப்பந்தம் கைக்கு வந்ததும் பலரும் தொகை இருக்கும் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களிடம் நான் சொல்வது: முறிவு விதியில் தொடங்குங்கள்.

படி 1: முறிவு விதி

யார், எத்தனை நாள் முன்னறிவிப்பில் ஒப்பந்தத்தை நிறுத்தலாம் என்று பாருங்கள். காரணமே சொல்லாமல் நிறுத்தும் உரிமையை நிதியளிப்பவர் வைத்துக்கொள்வது வழக்கம். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாள்களுக்கு நிறுத்திவைத்தபோது, நடந்துகொண்டிருந்த பணிகளுக்கும் நிறுத்த உத்தரவு போனது. அப்படி நேர்ந்தால் ஊழியர்களின் நோட்டீஸ் காலச் சம்பளம், வாடகை, ஏற்கெனவே ஆர்டர் செய்த மருந்து ஆகியவற்றை யார் தருவார்கள்? கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பெண்கள் நலத்தில் இந்த விதிக்குக் கூடுதல் எடை உண்டு. கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடை இம்பிளாண்ட், வகையைப் பொறுத்து 3 முதல் 5 ஆண்டுகள் வேலை செய்யும். காப்பர்-டி 10 ஆண்டுகள்வரை. ஒப்பந்தமோ பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். அதன் பிறகு ஒரு பெண் அதை எடுத்துவிட வேண்டும் என்று வந்தால், பயிற்சி பெற்ற செவிலியர் அங்கே இருப்பாரா? பொருத்துவதற்குப் பணம் ஒதுக்கி, எடுப்பதற்கு ஒதுக்காத பட்ஜெட்டை நான் அரைகுறை பட்ஜெட் என்றே சொல்வேன். கர்ப்பிணிகளுக்கும் இதே கணக்குதான்: ஒப்பந்தத்தின் கடைசிக் காலாண்டில் பதிவு செய்பவரின் பிரசவம் அது முடியும் தேதியைத் தாண்டிவிடலாம்.

ஆகவே இப்படி ஒரு வரியைச் சேர்க்கக் கேளுங்கள்: “எக்காரணத்தால் ஒப்பந்தம் முடிந்தாலும், அதுவரை சேவை பெறத் தொடங்கிய பெண்களின் பராமரிப்பை நிறைவு செய்யவோ வேறு மருத்துவ நிலையத்துக்கு மாற்றவோ ஆகும் நியாயமான செலவு ஏற்கப்படும்.” முழுதாகக் கிடைக்காது, பாதியாவது கிடைக்கலாம்.

படி 2: கொள்கை நிபந்தனைகள்

சில நிபந்தனைகள் தரப்படும் பணத்தை மட்டும் கட்டுப்படுத்தும். சில உங்கள் நிறுவனத்தையே கட்டுப்படுத்தும். அமெரிக்காவின் 1973 ஹெல்ம்ஸ் சட்டத்திருத்தம் முதல் வகை. குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்பு செய்ய அந்நாட்டு உதவிப் பணத்தைச் செலவிட அது தடை விதிக்கிறது. 1984இல் அதே அமெரிக்க அரசு அறிவித்த ‘மெக்சிகோ நகரக் கொள்கை’ இரண்டாம் வகை. அதை ஏற்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம், வேறொருவர் தந்த பணத்தில்கூட அத்தகைய கருக்கலைப்புப் பணியைச் செய்ய முடியாது. குடியரசுக் கட்சி அதிபர்கள் கொண்டுவருவதும் ஜனநாயகக் கட்சி அதிபர்கள் நீக்குவதுமாக அது மாறிக்கொண்டே இருக்கிறது. 2025இல் மீண்டும் வந்தது. எனவே மற்ற நிதியாளர்களின் ஒப்பந்தங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். உங்களிடமிருந்து பணத்தில் ஒரு பங்கு பெற்று வேலை செய்யும் துணைப் பங்காளர்களுக்கும் நிபந்தனை இறங்குமா என்பதையும் பாருங்கள். இறங்குமானால், அவர்கள் மீறினாலும் விளக்கம் கேட்டு உங்களுக்குத்தான் கடிதம் வரும்.

படி 3: இலக்குகள்

“பேறுகால இறப்பு விகிதத்தைக் குறைப்போம்” என்று எழுதிக்கொடுக்காதீர்கள். அந்த விகிதம் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறப்புகள் என்று கணக்கிடப்படுவது. சில ஆயிரம் பிரசவங்களைப் பார்க்கும் திட்டத்தில் ஓரிரு இறப்புகளே எண்ணை ஏற்றியிறக்கிவிடும்; உங்கள் உழைப்பு அதில் தெரியாது. உங்கள் கைக்குள் இருப்பதை உறுதியளியுங்கள்: உலக சுகாதார அமைப்பு 2016இல் பரிந்துரைத்த எட்டு கர்ப்பகாலப் பரிசோதனைகளை முடித்தவர்கள், பயிற்சி பெற்றவர் உதவியுடன் நடந்த பிரசவங்கள்.

படி 4: பணம் வரும் வழி

முன்பணமா, செலவழித்த பின் திரும்பத் தருவதா? இரண்டாவது என்றால், சில மாதங்கள் தாக்குப்பிடிக்கக் கையிருப்பு வேண்டும். நாணய மாற்றில் வரும் இழப்பு யாருடையது என்று பாருங்கள். அலுவலக நிர்வாகச் செலவுக்கு எத்தனை விழுக்காடு என்பதையும் கேளுங்கள்.

படி 5: நோயாளிகளின் தகவல்

அறிக்கையில் மொத்த எண்ணிக்கை மட்டும் போகட்டும். தணிக்கைக்காகப் பெயர்ப் பதிவேட்டைக் கேட்டால், நிலையத்திலேயே வைத்துக் காட்டலாம், நகல் தருவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மாற்றங்கள் எல்லாம் முடிந்ததும், நிதியளிப்பவர் தரப்பில் ஒப்பந்தத்தைத் திருத்த அதிகாரம் உள்ளவர் யார் என்று பெயரோடு கேட்டு வாங்குங்கள். திட்ட அலுவலர் மின்னஞ்சலில் “சரி” என்று சொன்னது, பின்னால் தணிக்கையாளர் முன் செல்லாமல் போகலாம்.