பழைய சோல், டிஸ்கோ பாட்டு போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதிதாக டிஜே வேலைக்கு வந்த ஒரு பையன் என் பக்கத்தில் நின்று மூன்று மணி நேரம் பாட்டுப் போட்டான். பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த தப்பையெல்லாம் ஒன்று விடாமல் செய்தான். அன்றைக்கு அவனிடம் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். நான் இருப்பது வட இங்கிலாந்தில். மாதம் ஒரு சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் ஆட வருவார்கள்; சோல், ஃபங்க், டிஸ்கோ மட்டும்தான், எல்லாம் அறுபது எழுபதுகளில் அமெரிக்கக் கறுப்பின இசையிலிருந்து வந்த ஆட்டப் பாட்டு வகைகள். ஒயரைச் சரியாகச் சொருகுவது, சத்தத்தை அளவாக வைப்பது எல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

மறுபதிவை அசல் என்று நம்பி வாங்குவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது. ஆரம்பித்த புதிதில் ஐந்து சிடி கொண்ட ஒரு பெட்டி வாங்கினேன். அட்டையில் அறுபதுகளின் பெரிய பெயர்கள் எல்லாம் இருந்தன, "அசல் பாடகர்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, விலையும் மலிவு. அந்தச் சனிக்கிழமை எழுபது வயதைத் தாண்டிய ஒருவரும் அவர் மனைவியும் முதல் ஆளாக ஆட வந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது, குரலும் அந்தப் பாடகருடைய குரல்தான். ஆனால் அசலில் முதல் வரிக்கு முன்னால் டிரம்ஸ் ஒரு உருட்டு உருட்டும், அதில்தான் ஆடுகிறவர்கள் திரும்புவார்கள். அந்த உருட்டு வரவில்லை. பெரியவர் குதிகாலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்து "இது அது இல்லையே" என்றார், நாற்காலிக்குப் போனவர் அன்று முழுக்க எழுந்து வரவில்லை. அதே பாட்டுகளை 45 ஆர்பிஎம் தட்டுகளாக (நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்ன இசைத்தட்டுகள்) ஒவ்வொன்றாகத் தேடி வாங்கியதில் இரண்டு வருடச் சேமிப்பு போனது.

இது எப்படி நடக்கிறது என்றால், மாஸ்டர் டேப், அதாவது ஸ்டுடியோவில் பதிவான மூல நாடா, பெரும்பாலும் பாடகருக்குச் சொந்தமில்லை, கம்பெனிக்குத்தான் சொந்தம். ஒப்பந்தத்தில் சொன்ன காலம் முடிந்ததும் அதே பாட்டை வேறு கம்பெனிக்கு அவர் திரும்பப் பாடிக் கொடுக்கலாம். அது அவர் பிழைப்பு, பலருக்கு அசல் பதிவிலிருந்து கிடைத்த பணம் ரொம்பக் குறைவு, அதனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. "மறுபதிவு" என்பதைப் பின்னட்டையில் எறும்பு எழுத்தில் போடுகிறவர்கள் மேல்தான் கோபம்.

குரல் மட்டும் பாட்டாகிவிடாது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோட்டவுன் என்ற சோல் கம்பெனியின் ஸ்டுடியோவில் ஃபங்க் பிரதர்ஸ் என்ற வாத்தியக் குழு வாசித்தது. அதில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் பேஸ் கிதாரை மீட்டுவார், தந்தியை லேசில் மாற்ற மாட்டார், அந்த மொத்தையான 'தும்' சத்தம் வேறு கையில் வராது. மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் கம்பெனியின் ஸ்டுடியோ ஒரு பழைய சினிமா கொட்டகை, சரிவான தரையை அப்படியே விட்டுத்தான் பதிவு செய்தார்கள். எண்பதுகளில் வந்த மறுபதிவுகளைக் கேட்டால் அந்த அறையும் இல்லை, அந்தக் கைகளும் இல்லை. டிரம் மெஷினும் சிந்தசைசரும்தான், வயதான தொண்டைக்காகச் சுருதியையும் இறக்கியிருப்பார்கள்.

வாங்குமுன் பின்னட்டையின் சின்ன எழுத்தைப் படியுங்கள். பாட்டு முதலில் வெளியான கம்பெனியின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்தை மட்டும் நம்ப வேண்டாம், அசலின் மறுவெளியீட்டிலும் புது வருடம் இருக்கும். அப்புறம் முதல் இருபது விநாடியை அசலோடு சேர்த்து வைத்துக் கேளுங்கள், அதைவிட நல்ல சோதனை இல்லை. ஸ்ட்ரீமிங்கிலும் இதே கதைதான்: ஒரே பாடகர், ஒரே தலைப்பு, இரண்டு மூன்று பதிவு கிடக்கும், தேடும்போது மேலே வருவதுதான் அசல் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்டீரியோவை அப்படியே கூடத்தில் விடுவது

அறுபதுகளின் ஸ்டீரியோ கலவைகள் பலவற்றில் குரல் ஒரு பக்கம், டிரம்ஸ் இன்னொரு பக்கம். கூடத்தின் இரண்டு கோடியிலும் ஸ்பீக்கர் வைத்தால் சமையலறைப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு டிரம்ஸ் மட்டும்தான் கேட்கும். மிக்ஸரில் மோனோ பட்டனைப் போடுங்கள், இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகக் கலந்து எல்லா ஸ்பீக்கரிலும் வரும். அவர்கள் அந்தக் காலத்தில் ரேடியோவில் கேட்டதும் மோனோதான்.

பீட்டை ஒட்டவைக்கப் பார்ப்பது

ஓடுகிற பாட்டின் தாளத்தோடு அடுத்த பாட்டின் தாளத்தைப் பொருத்தி, இடைவெளி இல்லாமல் சேர்ப்பதைச் சொல்கிறேன். அந்தப் பையன் அன்று மாலை முழுக்கப் போராடியது இதோடுதான். இந்தப் பாட்டுகளில் டிரம்ஸ் வாசித்தது மனிதர்கள், வேகம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். டிஸ்கோவுக்கு அந்த ஹை-ஹாட் (டிரம்ஸில் உள்ள ஜோடித் தட்டுகள்) தாளத்தைக் கொடுத்த பிலடெல்பியாவின் டிரம்மர் ஏர்ல் யங் கூட மெஷின் இல்லையே. ஒரு பாட்டை முடிய விடுங்கள், ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து அடுத்ததைப் போடுங்கள். ஆடுகிறவர்களுக்கும் அந்த இடைவெளி வேண்டும், மூட்டு வலிக்கிறவர் அதில்தான் போய் உட்காருவார்.

எல்லோரையும் ஒரே வயசாக நினைப்பது

நமக்கு எல்லோருமே பெரியவர்கள்தான். ஆனால் 1950இல் பிறந்தவருக்குப் பதினாறு வயதானபோது மோட்டவுன் உச்சத்தில் இருந்தது, 1961இல் பிறந்தவருக்குப் பதினாறு வயதானது 1977இல், டிஸ்கோ கொடிகட்டிப் பறந்தபோது. ஒருவர் எழுந்து வரும் பாட்டுக்கு இன்னொருவர் டீ குடிக்கப் போவார். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்: பதினாறு வயசில் எங்கே ஆடப் போனீர்கள்?

பன்னிரண்டு அங்குலத் தட்டைப் பாதியில் வெட்டுவது

1976இல் சால்சோல் கம்பெனி டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பெர்சென்ட்' பாட்டைக் கடைகளில் விற்கும் பன்னிரண்டு அங்குலத் தட்டாகக் கொண்டுவந்தது. டிஜே வால்டர் கிப்பன்ஸ் அதை ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீட்டினார். அந்த நீளம் ஆடுகிறவர்களுக்காகவே செய்தது. குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஓடும் இடத்துக்காகத்தான் ஜனம் காத்திருக்கும். அதற்கு முன்னால் வெட்டுவதாக இருந்தால் அதே பாட்டு சுருக்கமாக இருக்கும் ஏழு அங்குலத் தட்டையே போடுங்கள்.

ட்ரெபிளைக் கூட்டுவது

ட்ரெபிள் என்பது கீச்சென்ற மேல் சத்தம். பாதிப் பேர் காதில் கேட்கும் மிஷின் இருக்கிறது. கூட்டாதீர்கள்.

பாட்டு ஓடும்போது மைக்கில் பேசுவது

கூடவே கூடாது.

கடைசிப் பாட்டை முடிவு செய்யாமல் வருவது

வட இங்கிலாந்தின் விகன் ஊரில் இருந்த விகன் காசினோ என்ற ஆட்டக் கூடத்தில் 1973 முதல் 1981 வரை விடிய விடிய நார்தர்ன் சோல் ஆட்டம் (அதிகம் பேருக்குத் தெரியாத வேகமான பழைய சோல் பாட்டுகளுக்கு ஆடுவது) நடந்தது. காலை எட்டு மணிக்கு முடிக்கும்போது டோபி லெஜன்ட், ஜிம்மி ராட்கிளிஃப், டீன் பாரிஷ் என்று எப்போதும் அதே மூன்று பேரின் அதே மூன்று பாட்டுதான். அங்கே ஆடியவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்குப் பக்கம். எங்கள் கூடத்தில் அந்த முதல் பாட்டைப் போட்டதும் ஒரு அம்மா கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, மாட்டிய கோட்டைக் கழற்றிக்கொண்டே தளத்துக்கு வருவார், ஒவ்வொரு மாதமும்.