வள்ளத்தின் பெயருக்குத் தடித்த சாய்வெழுத்து அமைப்பது எப்படி?

நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வள்ளம் ஒன்றுக்கு ‘புறாமலைப் படகுச் சேவை’ என்று பெயர் எழுத வேண்டியிருக்கிறது என வைத்துக்கொள்வோம். விரைவை உணர்த்தத் தடித்த சாய்வெழுத்துப் பொருத்தமானது. ஆனால் தமிழில் தடித்த எழுத்துருக்கள் பெரும்பாலும் நிமிர்ந்தே கிடைப்பதால், சாய்வை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். இன்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருள் இதற்குப் போதும்.

முதலில் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் எழுத்துரு இயல்பிலேயே சாய்ந்தது என்றாலும், அது கையெழுத்துச் சாயலில் ஒரே தடிமனில் மட்டும் இருப்பதால் அழைப்பிதழுக்கே நன்றாக அமையும். பெயர்ப்பலகைக்கு நான் எடுப்பது, பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான். நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்லே அதன் பெயர். ஒன்பது தடிமன்களில் மிகத் தடித்ததான 900 ஐத் தெரிவு செய்யுங்கள்.

பெயரைத் தட்டச்சுச் செய்த பின் ஒரு பிரதியைத் தனியே வைத்துவிட்டு, கொன்ட்ரோல், ஷிஃப்ட், சி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்துகள் வெறும் வடிவங்களாக மாறிவிடும். நகரிலுள்ள அச்சகம் ஒன்றுக்கு இதைச் செய்யாமல் கோப்பை அனுப்பியபோது, அங்குள்ள கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால், ‘லை’யின் இணைக்கொம்பு தனியே பிரிந்து நின்ற பதாகை ஒன்று என் கைக்கு வந்து சேர்ந்தது.

அடுத்து, கொன்ட்ரோல், ஷிஃப்ட், எம் விசைகளால் ட்ரான்ஸ்ஃபோர்ம் பலகத்தைத் திறந்து, ஸ்கியூ பகுதியில் கிடைத்திசைக்கு 10 பாகை கொடுங்கள். எழுத்து இடப்பக்கம் சாய்ந்தால் கழித்தல் குறியைச் சேருங்கள். 100 மில்லிமீற்றர் உயரமான எழுத்தின் உச்சி ஏறக்குறைய 18 மில்லிமீற்றர் நகரும். வளைவுகள் நிறைந்த தமிழுக்கு இதற்கு மேற்பட்ட சாய்வு கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உண்மையான வேலை இனிமேல்தான் இருக்கிறது. ‘வை’யின் இணைக்கொம்பைப் பெருப்பித்துப் பாருங்கள்: சுழிகளின் வலது மேற்புறமும் இடது கீழ்ப்புறமும் தடித்து, மற்ற இரு புறங்களும் மெலிந்திருக்கும், உள்ளிருக்கும் வெளியும் ஒடுங்கியிருக்கும். ‘என்’ (N) விசையை அழுத்தி, வடிவத்தின் ஓரக்கோட்டில் தோன்றும் கணுப்புள்ளிகளைச் சிறிது சிறிதாக நகர்த்தித் தடிமனைச் சமன் செய்யுங்கள். அந்த வெளி அடைபட்டால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எழுத்து கறுப்புத் திட்டாகவே தெரியும். ‘ப்’, ‘ச்’ ஆகியவற்றின் புள்ளிகளும் முட்டை வடிவமெடுத்திருக்கும். அவற்றை நீக்கி, அதே மையத்தில் முழு வட்டங்களை வரைந்து வையுங்கள்.

பின்னர் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, பத்தடி பின்னே நின்று வாசித்துப் பார்த்து, எழுத்துகளின் இடைவெளியைத் திருத்துங்கள்.

வள்ளத்தின் வலப்பக்கத்தில் எழுத்து அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்புறத்தை, நோக்கிச் சாய்ந்திருக்கும். இடப்பக்கத்திலோ அதே எழுத்து பின்னோக்கிச் சாய்ந்ததாகத் தோன்றும். அதற்காக எழுத்தை மறுபுறம் சாய்த்தால் வாசிப்பது கடினமாகிவிடும் என்பதால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் சாய்வை 5 பாகையாகக் குறைத்து இன்னொரு கோப்பைத் தயாரித்துக்கொள்ளுங்கள்.