டிஸ்சார்ஜ் சீட்டில் டிரமடால் இருந்தால்: பழக்கமாகாமல் சாப்பிட்டு முடிப்பது எப்படி

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைதானே என்று வலிக்குத் தரும் டிரமடாலைப் பலர் பாராசிட்டமால் போலவே நினைக்கிறார்கள். இது ஓபியாய்டு, அதாவது அபினி வகை வலி மருந்து. மூளையில் மார்ஃபின் போய் உட்காரும் அதே இடத்தில்தான் இதுவும் வேலை செய்கிறது. 2018 ஏப்ரலில் இந்திய அரசு இதைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இன்னொரு வலி மாத்திரையான டாபெண்டடாலும் ஓபியாய்டுதான்.

முதலில் அட்டையின் பின்பக்கச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பிராண்டு பெயரை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பல மாத்திரைகளில் டிரமடால் 37.5 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் சேர்ந்தே இருக்கும். காய்ச்சலுக்கென்று தனியாகப் பாராசிட்டமாலும் போட்டால் இரண்டையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராம் தாண்டினால் ஈரல் கெடலாம். டிரமடாலின் உச்ச வரம்பு நாளைக்கு 400 மி.கி., 75 வயதுக்கு மேல் 300. அளவு கூடினால் வலிப்பு வரலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

"எத்தனை நாள் சாப்பிடணும், எப்போ நிறுத்தணும்?" என்று வீட்டுக்குக் கிளம்பும்போதே கேளுங்கள். திடீர் வலிக்குப் பெரும்பாலும் மூன்று நாள் போதும், ஏழு நாளுக்கு மேல் அரிதாகவே தேவைப்படும் என்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2016-இல் வழிகாட்டியது. அங்கே 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் தடவை ஒரு நாளுக்காவது ஓபியாய்டு வாங்கியவர்களில் சுமார் 6 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 31 நாளோ அதற்கு மேலோ வாங்கியவர்களில் அது சுமார் 30 சதவீதம். எல்லோரும் அடிமையானவர்கள் அல்ல. ஆனாலும் நாள் கூடக் கூட வெளியே வருவது கடினமாகிறது.

எங்கே சறுக்குகிறது என்பதைத்தான் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். சில வாரம் தொடர்ந்தால் உடல் மருந்துக்குப் பழகிவிடும். ஒரு வேளை தவறினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, உடம்பு முழுக்க வலி. அந்த வலியை நோயாளி, "புண் இன்னும் ஆறல போல" என்று எடுத்துக்கொண்டு அடுத்த மாத்திரையைப் போடுகிறார். உடனே குணம் தெரியும், சந்தேகமே வராது. அறுவை வலி பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும், அசைத்தால் கூடும். மருந்தின் தாக்கம் குறைவதால் வரும் வலி எங்கும் பரவும், மேலே சொன்ன குறிகளோடு வரும்.

அதனால் ஒரு நோட்டு வையுங்கள். நேரம், மி.கி., எதற்காகப் போட்டீர்கள் என்பதை எழுதுங்கள். "முட்டி வலி" என்று இருந்த இடத்தில் "தூக்கம் வரல", "மனசு சரியில்ல" என்று எழுத நேர்ந்தால், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். தீர்ந்த சீட்டோடு வேறு மெடிக்கலைத் தேடிப் போவது இதைவிடத் தெளிவான அறிகுறி.

சில நாள் மட்டும் சாப்பிட்டிருந்தால் நேரே நிறுத்தலாம். வாரக்கணக்கில் போயிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். டாக்டரோடு பேசி, முதலில் இருந்த அளவில் வாரத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைப்பது ஒரு வழக்கமான முறை. ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாதத்துக்கு அவ்வளவு. குறைப்பதற்காக எஸ்.ஆர். (மருந்தை மெதுவாக வெளிவிடும்) மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பல மணி நேரத்துக்கான மருந்து மொத்தமாக இறங்கிவிடும். 1996-இல் வந்த ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையை அமெரிக்காவில் போதைக்காக அப்படித்தான் பொடித்தார்கள். 2010-இல் கம்பெனியே மாத்திரையின் அமைப்பை மாற்ற வேண்டியதாயிற்று.

மதுவோடும் அல்ப்ராஸோலம் போன்ற தூக்க மாத்திரையோடும் சேர்க்கவே சேர்க்காதீர்கள், மூச்சு நின்றுவிடலாம். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, உதடு நீலம், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், என்ன மாத்திரை என்று ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லுங்கள். நிறுத்திச் சில வாரம் ஆனவர் பழைய அளவையே மறுபடி போட்டாலும் இதே ஆபத்துதான், ஏனென்றால் உடலின் தாங்கும் சக்தி அதற்குள் போயிருக்கும்.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவரிடம் இதையெல்லாம் சொல்லி பயமுறுத்த வேண்டாம்; அவர்களுக்கு அது தேவை. ஏற்கெனவே விட முடியாமல் தவிக்கிறவருக்கு நாக்கின் அடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின் போன்ற நல்ல சிகிச்சை இருக்கிறது. திட்டாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அல்லது 14446 என்ற அரசின் இலவச எண்ணில் கேளுங்கள்.