கார்ட்ரிட்ஜில் மை ஒழுகாமல் நிரப்ப

ஹெச்பி பிரிண்டரில் போடும் 680 கறுப்பு மை கார்ட்ரிட்ஜின் மேல் ஸ்டிக்கரை உரித்தால் துளை தெரியும். உள்ளே இருப்பது ஸ்பாஞ்ச். அது தாங்கும் அளவைத் தாண்டினால் மை நாசில் (அடியில் மை வெளிவரும் நுண்துளைகள்) வழியே ஒழுகத்தான் செய்யும்.

சிரிஞ்சில் 6 மி.லி. பிக்மென்ட் மை (கரையாத நிறத்துகள் கொண்ட மை) எடுத்து, ஊசியை ஸ்பாஞ்சில் பாதி ஆழம் இறக்கி, நிமிடத்துக்கு 2 மி.லி. கணக்கில் விடுங்கள். வேகமாக அழுத்தினால் காற்றுக் குமிழி சிக்கி, பிரிண்டில் வெள்ளைக் கோடு விழும். துளை விளிம்பில் மை பளபளவென்று ததும்புகிறதா? நிறுத்தி, 1 மி.லி. திரும்ப உறிஞ்சுங்கள். பாதி ஒழுகலுக்குப் பேராசைதான் காரணம்.

நாசிலை மடித்த டிஷ்யூமேல் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். மெல்லிய கோடாகப் பதிந்தால் சரி; கறை பரவிக்கொண்டே போனால் மை அதிகம். துளையை செல்லோடேப்பால் இறுக்கி மூடாதீர்கள். காற்று புகாவிட்டால் மை இறங்காது. நிரப்பிய பிறகும் "மை தீர்ந்தது" என்று பிரிண்டர் சொல்லும். ஓகே கொடுத்துவிட்டு அச்சடியுங்கள்.