சூப்பர்சார்ஜர் போட்ட பிக்கப்புக்கு எந்த டார்க் கன்வெர்ட்டர்? தொப்பூர் ஏற்றத்தை வைத்து ஒரு கணக்கு

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போய் வண்டிப் பட்டறைகளில் வேலை பார்க்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் போட்ட அமெரிக்க பிக்கப்புகள் அங்கே சாதாரணம். வண்டிக்காரர் ஒருவர் வந்து சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பம்ப்) மாட்டச் சொல்வார். மாட்டி முடித்ததும், "கன்வெர்ட்டரையும் மாத்தணுமா? மாத்தினா எத்தனை ஸ்டால்?" என்பார். பட்டறைப் பையனுக்கு எஞ்சின் தெரியும், கியர்பாக்ஸும் ஓரளவு தெரியும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் டார்க் கன்வெர்ட்டர் என்ற அந்த உருண்டை டப்பாவைப் பற்றி மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோட்டில் ஓடும் வண்டிக்குப் பலரும் ஆசைப்பட்டு வாங்கும் ஸ்டாலைவிடக் குறைந்த ஸ்டாலே போதும் (ஸ்டால் என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்). மிச்சமாகும் காசை ஆயில் கூலரில் போடுங்கள். கணக்குக்கு நம்ம தொப்பூர் கணவாயையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு அந்த ஏற்றமும் இறக்கமும் மனப்பாடம். ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் மலைப்பாதைக்கும் இதே கணக்குதான்.

இந்தியாவில் பதிவான வண்டி என்றால் ஒரு எச்சரிக்கை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். இங்கே ஓடும் ஹைலக்ஸ், வி-கிராஸ் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கன்வெர்ட்டரைத் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. கீழே ஆயில், கூலர் பற்றி வரும் பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

நாலே சாமான்கள். எஞ்சினோடு சுற்றுவது இம்பெல்லர். அது ஆயிலை வீசி அடிக்கும். அந்த ஆயில் போய் மோதிச் சுற்றுவது டர்பைன். அதுதான் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைச் சுழற்றுகிறது. நடுவில் ஸ்டேட்டர். டர்பைனை விட்டுத் திரும்பி வரும் ஆயில் எதிர்ப்பக்கமாக அடித்து இம்பெல்லரைத் தடுக்காமல், அதைத் திருப்பி உதவியாக விடுவது ஸ்டேட்டரின் வேலை. வண்டி கிளம்பும்போது எஞ்சின் தரும் இழுவை (டார்க்) ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கியர்பாக்ஸுக்குப் போவது இதனால்தான். நாலாவது, லாக்-அப் கிளட்ச். வேகம் பிடித்ததும் எஞ்சினையும் டர்பைனையும் நேராகக் கட்டிப்போட்டு, வழுக்கலே இல்லாமல் செய்துவிடும்.

பிரேக்கை அழுத்திப் பிடித்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் எந்த ஆர்.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மேல் போக முடியாமல் நிற்கிறதோ, அதுதான் ஸ்டால். இது கன்வெர்ட்டரின் மேல் அச்சடித்து வரும் நிலையான எண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எஞ்சின் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ அதற்கேற்ப ஸ்டாலும் ஏறும். இழுவையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறும் என்பது கணக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: எந்த வகை சூப்பர்சார்ஜர் என்று பாருங்கள்

ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ என்ற இரண்டு வகையும் எஞ்சின் தலைமேல், நடுப்பள்ளத்தில் உட்காரும். பெல்ட் சுற்றிய உடனே காற்றைத் தள்ளிவிடும். 2000 ஆர்.பி.எம்.மிலேயே நல்ல பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அழுத்தம், பிஎஸ்ஐ கணக்கில் அளப்பது) வந்துவிடும். மூன்றாவது வகை சென்ட்ரிஃபியூகல். எஞ்சினின் முன்பக்கம் ஓரமாக, டர்போவின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி வைத்தாற்போல் இருக்கும். இதில் பூஸ்ட் சுழற்சியின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது 6000-இல் 8 பிஎஸ்ஐ தருவது, 3000-இல் சுமார் 2 பிஎஸ்ஐதான் தரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ரூட்ஸ் வகையில் 6 பிஎஸ்ஐ பூஸ்ட் என்று வையுங்கள். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7. அப்படியானால் எஞ்சினுக்குள் காற்று 40 சதவீதம் கூட. சூட்டிலும் பெல்ட் சுழற்றுவதிலும் போவதைக் கழித்து, இழுவை 30 சதவீதம் கூடியது என்று எடுத்துக்கொள்வோம். 1.3-இன் வர்க்கமூலம் 1.14. கம்பெனி கன்வெர்ட்டர் 1800-இல் ஸ்டால் ஆகிக்கொண்டிருந்தால், ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கழற்றாமலே அது 2050-க்கு ஏறிவிடும். சூப்பர்சார்ஜர் மாட்டியதே உங்களுக்கு 250 ஆர்.பி.எம். ஸ்டாலை இனாமாகக் கொடுத்துவிட்டது!

அதனால் ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ மாட்டிய ரோட்டு வண்டிக்கு உண்மையான ஸ்டால் 2000-இலிருந்து 2400-க்குள் இருந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். சென்ட்ரிஃபியூகல் என்றால் கீழே பூஸ்ட் இல்லை, கொஞ்சம் தூக்கிவிட வேண்டும்: 2600-இலிருந்து 3000. பெரிய கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டு, கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை செத்துப்போன எஞ்சினுக்கும் இப்படியே ஏற்ற வேண்டும். அந்த எஞ்சின் லோடு வண்டிக்கு ஏற்றதில்லை என்பேன், அது வேறு பேச்சு.

படி 2: வண்டி எந்த ஆர்.பி.எம்.மில் வாழ்கிறது?

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

டயரின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 76 செ.மீ. என்று வைப்போம். அதை 3.14-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு வண்டி 2.39 மீட்டர் நகரும். 100 கி.மீ. வேகம் என்பது நிமிடத்துக்கு 1667 மீட்டர். வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 697 சுற்று. பின் ஆக்சில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று) 3.73 என்றால், பெருக்கி 2600. ஷெவர்லே பிக்கப்புகளில் வந்த 4எல்60இ கியர்பாக்ஸின் டாப் கியர் 0.70. ஆக எஞ்சின் 1820-இல் ஓடுகிறது.

இந்த வண்டிக்கு 2800 ஸ்டால் கன்வெர்ட்டர் போட்டால் என்ன ஆகும்? லாக்-அப் பிடித்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. சின்ன மேடு வந்து லாக்-அப் விட்டதும் எஞ்சின் தனியாகக் கத்தும், வண்டி நிதானமாக நகரும், பெட்ரோல் போகும்.

சரி, அதே வண்டி பின்னால் படகு டிரெய்லரோடு, சேலம் பக்கமிருந்து தர்மபுரியை நோக்கித் தொப்பூர் ஏறுகிறது. முன்னால் லாரிகள். வேகம் 50. மூன்றாவது கியர் நேர் கியர், எஞ்சினுக்கு 1300 ஆர்.பி.எம். கணக்கு வருகிறது. 2800 ஸ்டால் கன்வெர்ட்டர் அந்தச் சுழற்சியில் ஆயிலைச் சரியாகவே பிடிக்காது. எஞ்சின் 2000-ஐத் தாண்டிப் போனால்தான் இழுவை சக்கரத்துக்கு வரும். நடுவில் இருக்கும் அந்த வித்தியாசம் முழுக்கச் சூடு. எஞ்சின் 60 கிலோவாட் கொடுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு வழுக்கலில் போகிறது என்றால் 12 கிலோவாட். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் ஆறை கியர்பாக்ஸ் ஆயிலுக்குள் போட்டு சுவிட்ச் தட்டியதற்குச் சமம். ஏற்றம் முழுக்க அது எரிந்துகொண்டே இருக்கும்.

2200 ஸ்டால் கன்வெர்ட்டரோடு, கையால் இரண்டாவது கியருக்கு இறக்குங்கள். 1.63 ரேஷியோவில் எஞ்சின் 2120-இல் சுற்றும். கன்வெர்ட்டர் கிட்டத்தட்ட வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். முழு மிதிக்குத்தான் 2200. பாதி மிதியில் ஸ்டால் இன்னும் கீழே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இறக்கம் இதைவிட முக்கியம். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் தொப்பூர் நெடுகிலும் இறக்கம். பிரேக் பிடிக்காமல் போய் எத்தனை வண்டிகள் மோதியிருக்கின்றன என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எஞ்சின் பிரேக்கிங் கிடைக்க வேண்டுமானால் சக்கரம் எஞ்சினைத் திருப்பிச் சுழற்ற வேண்டும். ஸ்டால் ஏற ஏற, லாக்-அப் விட்ட நிலையில் அந்தப் பிடி தளர்ந்துகொண்டே போகும். லோடோ டிரெய்லரோ இழுக்கும் வண்டிக்கு உயர்ந்த ஸ்டால் வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

படி 3: விற்பவரிடம் சொல்ல வேண்டியவை

"2400 ஸ்டால் கொடுங்க" என்று மட்டும் கேட்டால், எந்த எஞ்சினை மனதில் வைத்துப் போட்ட எண் என்பதே தெரியாமல் ஒரு சாமான் கையில் வரும். சாதா எஞ்சினில் 2400 காட்டுவது, உங்கள் பூஸ்ட் எஞ்சினில் 2700-ஐத் தாண்டலாம். ஆளோடும் லோடோடும் வண்டியின் எடை, டயர் உயரம், ஆக்சில் ரேஷியோ, கியர்பாக்ஸ் மாடல், சூப்பர்சார்ஜர் வகை, பூஸ்ட், கேம், டிரெய்லர் உண்டா இல்லையா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இதையெல்லாம் கேட்காமலே விலை சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

படி 4: உடம்பு பலம்

பூஸ்ட் எஞ்சினுக்குக் கன்வெர்ட்டரின் உள்ளே மூன்று விஷயம் பார்க்க வேண்டும். இறக்கைகள் வெறுமனே மடித்துச் சொருகியிருக்கக் கூடாது. உலையில் வைத்து பிரேஸிங் (வேறு உலோகத்தை உருக்கி ஒட்டுவது) செய்திருக்க வேண்டும். ஸ்டேட்டரின் இருபுறமும் உருளை பேரிங் இருக்க வேண்டும். டப்பா உப்பாமல் இருக்கத் தடித்த தகடு கொடுத்திருக்க வேண்டும். உப்பினால் அது கிராங்க் ஷாஃப்டை முன்னால் தள்ளி, த்ரஸ்ட் பேரிங்கைத் (கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் பேரிங்) தின்றுவிடும்.

லாக்-அப் கட்டாயம் வேண்டும். லாக்-அப் இல்லாத கன்வெர்ட்டர் விலை குறைவு என்று வாங்கி ரோட்டு வண்டியில் மாட்டுவது எனக்கு ஒப்பவே ஒப்பாது. பூஸ்ட் அதிகம் என்றால் ஒற்றைத் தட்டுக்குப் பதில் பல தட்டு லாக்-அப் கேளுங்கள்.

படி 5: கூலர்

ரேடியேட்டருக்குள் இருக்கும் கம்பெனி கூலரோடு தனியாக ஒரு பிளேட் கூலரும் வையுங்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் சூடான ஆயில் முதலில் ரேடியேட்டருக்கும், அப்புறம் பிளேட் கூலருக்கும் போய்த் திரும்ப வேண்டும். ஆயில் 80-இலிருந்து 95 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 120-ஐத் தாண்டினால் ஆயில் கருகி உள்ளே வார்னிஷ் படிய ஆரம்பிக்கும். ஆயில் சம்ப்பில் (கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) ஒரு வெப்பமானி மாட்டி, டிரைவர் கண்ணில் படும் இடத்தில் மீட்டரை வையுங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 6: மாட்டும்போது

கன்வெர்ட்டருக்குள் சுமார் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, கழுத்திலும் சீலிலும் ஆயில் தடவி, கியர்பாக்ஸை மூக்கு மேலே பார்க்கும்படி கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டரை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். ஒரு "டக்", இன்புட் ஷாஃப்ட் பல்லில் உட்கார்ந்தது. இன்னும் சுழற்றுங்கள். இரண்டாவது "டக்", ஸ்டேட்டர் ஷாஃப்ட். இத்தோடு உட்கார்ந்துவிட்டது என்று பலர் கையை எடுத்துவிடுவார்கள். மூன்றாவது "டக்" வரவேண்டும். அது ஆயில் பம்பின் பல். அந்தக் கடைசி இறக்கம் விரல் நுனியில் நன்றாகத் தெரியும், கன்வெர்ட்டர் ஒரு விரல்கடை உள்ளே போகும்.

பெல் ஹவுசிங்கை (கன்வெர்ட்டரை மூடியிருக்கும் கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடு) எஞ்சினோடு கையால் தள்ளி ஒட்ட முடிய வேண்டும். ஒட்டாமல் இடைவெளி நின்றால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள், பம்ப் உடைந்துவிடும். கழற்றி மறுபடி உட்கார வையுங்கள். ஹவுசிங் போல்ட்டுகளை இறுக்கிய பிறகு கன்வெர்ட்டர் தளர்வாகச் சுழல வேண்டும். ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் (எஞ்சினின் பின்முனையில் இருக்கும் தகடு) கன்வெர்ட்டருக்கும் நடுவே 3-இலிருந்து 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பிறகுதான் அதை முன்னால் இழுத்து ஃபிளெக்ஸ்பிளேட்டில் போல்ட் போட வேண்டும்.

படி 7: ஓட்டிப் பார்த்தல்

ஆயிலைச் சூடாக்கி அளவைச் சரிபாருங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் இல்லாமல் செய்து, பிரேக்கை அழுத்தி, டிரைவில் முழு மிதி. ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். எண்ணைப் பார்த்ததும் நியூட்ரலில் போட்டு ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு ஆயிலை ஆற்றுங்கள். பூஸ்ட் எஞ்சினில் பிரேக் தாங்காமல் டயர் சுற்ற ஆரம்பித்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள்.

ஸ்டால் எதிர்பார்த்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கீழே நின்றால் ஸ்டேட்டரின் ஒருவழி கிளட்ச் வழுக்குகிறது என்று சந்தேகப்படலாம். எதிர்பார்த்ததைவிட மிக மேலே போனால் கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் வழுக்குகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஒரு 500 கி.மீ. ஓட்டிவிட்டு டிப்ஸ்டிக்கை எடுத்து, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வையுங்கள். சிவப்பு நிறம் துணியில் பரவினால் சரி. நடுவில் பழுப்பாகத் திட்டு நின்று, தீய்ந்த வாடை அடித்தால் சம்ப்பைக் கழற்றுங்கள். காந்தத்தில் சாம்பல் நிற மாவு மெல்லியதாக ஒட்டியிருப்பது வழக்கமானதுதான். விரலில் நெருடும் துணுக்குகள் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி, கூலர் குழாய்களையும் சேர்த்துக் கழுவிய பிறகே புது ஆயில் ஊற்றுங்கள்.